வாங்கிய பொருள் யாருடையது?

(அறிஞரும் உழவரும் கூடியிருந்த அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துவடிவம்)



இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள், அரசியல் மேடைகளில் அடிக்கடி பேசப்படுவதன்று. நமது சட்டைப்பையிலும், வீட்டு விறாந்தையிலும், வயல் வரம்பிலும் இருக்கின்ற மின்னணுக் கருவிகளைப் பற்றியும், அக்கருவிகளின் வழியே நம்மை வந்தடையும் நூல், இசை, படம் ஆகியவற்றைப் பற்றியும் பேச வந்துள்ளோம். கேள்வி ஒன்றுதான். பணம் கொடுத்து வாங்கிய பொருள் வாங்கியவருக்குச் சொந்தமா? விற்றவருக்குச் சொந்தமா?

"இதுவும் ஒரு கேள்வியா?" என்று சிலர் நகைக்கலாம். ஒரு மண்வெட்டியை வாங்குகின்றோம். பிடி முறிந்தால் புதுப்பிடி போடுகின்றோம். அயலவர் கேட்டால் இரவல் கொடுக்கின்றோம். வேண்டாமெனில் விற்கின்றோம். நமக்குப் பின் நம் பிள்ளைகள் அதனை எடுத்துக்கொள்கின்றனர். திருத்தும் உரிமை, இரவல் கொடுக்கும் உரிமை, விற்கும் உரிமை, விட்டுச் செல்லும் உரிமை ஆகிய இந்நான்கும் சேர்ந்தே ஒரு பொருளை நமக்குச் சொந்தமாக்குகின்றன. இந்நான்கும் இன்று நம் கையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருக்கின்றன. கழல்வது நமக்குத் தெரியவுமில்லை. அதனாலேயே இதனைப் பேச வேண்டியுள்ளது.

காகித நூலும் கண்ணாடி நூலும்

1908ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன் ஒரு வழக்கு வந்தது. பொப்ஸ் மெரில் என்னும் வெளியீட்டு நிறுவனத்தார், தமது நாவலை எவரும் ஒரு டொலருக்குக் குறைத்து விற்கலாகாது என்று நூலின் உள்ளேயே அச்சிட்டிருந்தனர். ஒரு பெருங்கடைக்காரர் அதனை 89 சதத்திற்கு விற்றார். வெளியீட்டாளர் வழக்காடினர், தோற்றனர். ஒருமுறை விற்றபின், அந்தப் பிரதியின் மேல் உங்கள் ஆட்சி முடிந்தது என்பதே தீர்ப்பின் சாரம். பழைய புத்தகக் கடைகளும், நண்பர்களிடையே கைமாறும் நூல்களும் இத்தகைய நீதியின் நிழலிலேயே வாழ்ந்து வந்துள்ளன.

நூல் காகிதத்தை விட்டுக் கண்ணாடித் திரைக்குச் சென்றதும் நீதியும் மாறிவிட்டது. வாங்கிய இசைக் கோப்புகளை மறுவிற்பனை செய்ய முயன்ற ஒரு சேவையை, 2018இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தடுத்தது. மின்னூலை இரண்டாம் கையாக விற்பதற்கு உரிமையாளரின் இசைவு வேண்டுமென்று 2019 டிசெம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் கூறியது. அதே கதை, அதே சொற்கள், ஏறத்தாழ அதே விலை. ஆனால் காகிதத்தில் வாங்கியவருக்கு உள்ள உரிமை, திரையில் வாங்கியவருக்கு இல்லை.

விற்கும் உரிமைதான் போயிற்று, வைத்திருக்கும் உரிமையாவது உண்டா என்று கேட்பீர்கள். 2009 ஜூலையில் நடந்ததைக் கேளுங்கள். அமேசன் நிறுவனத்தின் கிண்டில் கருவியில் ஜோர்ஜ் ஓவலின் '1984' என்னும் நாவலை வாங்கிவைத்திருந்த பலர், ஒரு நாள் அது தம் கருவியிலிருந்து மறைந்துவிட்டதைக் கண்டனர். அந்தப் பதிப்பை விற்பனைக்கு வைத்தவரிடம் வெளியிடும் உரிமை இருக்கவில்லை; ஆதலால் தொலைவிலிருந்தே அதனை அழித்து, பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம் என்றது நிறுவனம். பள்ளி மாணவர் ஒருவர் பாடத்திற்காக எழுதிவைத்திருந்த குறிப்புகள் பயனற்றுப் போயின. பழைய பதிவுகளை ஓர் அரசு அழித்தும் திருத்தியும் எழுதுவதைச் சொல்லும் நாவல் அது! அந்நாவலுக்கே அக்கதி நேர்ந்தது. நிறுவனத்தின் தலைவர் பின்னர் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பை நாம் ஏற்கலாம். ஆனால், அழிக்கும் ஆற்றல் அவர்கள் கையில் இருந்தது என்பதை மறக்கலாமா?

2019இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் தன் மின்னூற் கடையை மூடியது. அங்கு வாங்கிய நூல்கள் அவ்வாண்டு ஜூலையில் திறக்க இயலாதவை ஆயின. பணம் திரும்பியது, நூல்கள் திரும்பவில்லை. தெருமுனைப் புத்தகக் கடை பூட்டப்பட்டால் நம் வீட்டு அலுமாரியிலுள்ள நூல்கள் மறைவதுண்டா?

கலிபோர்னியா மாநிலம் 2024இல் ஒரு சட்டம் இயற்றியது. 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தின்படி, பயன்படுத்தும் அனுமதியை மட்டும் தருகின்றவர், அதனைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குக' என்னும் சொல்லைப் பயன்படுத்தலாகாது. சொல்லுக்குப் பொருள் வேண்டுமென்று சட்டமே கேட்கும் நிலை வந்துவிட்டது.

உழவரின் இயந்திரம்

உழவர் பெருமக்களே! "இவை படித்தவர்களின் கவலைகள், நமக்கென்ன?" என்று எண்ணிவிடாதீர்கள். இதே நோய் ஏரைப் பிடிக்கும் கையையும் பற்றியுள்ளது.

ஜோன் டியர் என்னும் பெயரை உழவுத் தொழில் செய்வோர் உலகெங்கும் அறிவர். அந்நிறுவனத்தின் இக்கால இயந்திரங்கள் கணினியால் இயங்குபவை. ஓர் உணரியில் பழுது நேர்ந்தாலும் கணினி இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்துவிடக்கூடும், நிறுத்தியும் விடக்கூடும். பழுது யாதென முழுமையாக அறிந்து தீர்ப்பதற்கான மென்பொருள், நிறுவனம் ஏற்ற முகவரிடமே இருந்தது. அமெரிக்க உழவர்கள் இதனை எதிர்த்துக் குரலெழுப்பினர். 2015இல் அந்நிறுவனம் அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகத்திற்கு எழுதியபோது, இயந்திரத்தின் மென்பொருளைப் பொறுத்தவரை, வாங்கியவருக்கு இருப்பது இயந்திரம் உள்ளவரை அதனை இயக்குவதற்கான அனுமதி என்றே வாதிட்டது. பெருந்தொகை கொடுத்து வாங்கிய உழவர், தம் இயந்திரத்தின் மூளைக்கு வாடகைக்காரர் ஆனார்!

அவர்கள் வாளாவிருக்கவில்லை. கொலராடோ மாநிலம் 2023இல், உழவுக் கருவிகளைத் திருத்தும் உரிமைக்கெனச் சட்டம் இயற்றியது. 2024 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. 2025 ஜனவரியில் அமெரிக்காவின் வாணிப ஆணைக்குழுவே, இரு மாநிலங்களுடன் சேர்ந்து, அந்நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது.

காலபோக அறுவடைக் காலத்தில் வானம் கறுக்கும்போது அறுவடை இயந்திரம் நின்றுவிட்டால் என்ன நேரும் என்பதை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஊர்த் திருத்துநர் ஓடி வருவார். சாவியும் சுத்தியலும் அவரிடம் உண்டு. ஆனால் பூட்டு இரும்பில் இல்லாமல் மென்பொருளில் இருந்தால் அவர் என்ன செய்வார்? கணினி பொருத்திய இயந்திரங்கள் நம் வயல்களுக்கும் வரவே போகின்றன. வருமுன் கேட்கவேண்டிய கேள்வியை வந்தபின் கேட்டுப் பயனில்லை.

மூடிய பெட்டி

கைத்தொலைபேசிக்கு வருவோம். 2017 டிசெம்பரில், மின்கலம் தளர்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தை மென்பொருளால் குறைத்ததாக அப்பிள் நிறுவனம் ஒப்புக்கொண்டது. திடீரென அணைந்துபோகாமல் காக்கவே அவ்வாறு செய்தோம் என்றது. அது மெய்யாகவே இருக்கட்டும். வாங்கியவரிடம் ஏன் சொல்லவில்லை? "தொலைபேசி பழசாயிற்று, புதிது வாங்குவோம்" என்று எண்ணியவர்களுள் எத்தனையோ பேருக்குப் புதிய மின்கலம் ஒன்றே போதுமானதாக இருந்திருக்கும். பிரான்சு நாடு 2020இல் அந்நிறுவனத்திற்கு 2.5 கோடி யூரோ தண்டம் விதித்தது.

இவ்வாறு எறியப்படுபவை எங்கே செல்கின்றன? 2022இல் உலகம் எறிந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் தொன் என்று ஐக்கிய நாடுகளின் அறிக்கை கூறுகின்றது. அதில் முறையாகச் சேர்த்து மீள்சுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 வீதமே. எஞ்சியதில் ஈயமும் பாதரசமும் உண்டு. அவை மண்ணில் இறங்கினால் கிணற்றிலும் இறங்கும்.

நிறுவனங்களின் வாதத்தையும் நாம் கேட்கவேண்டும். நீர் புகாதிருக்கப் பெட்டியை ஒட்டுகின்றோம் என்கின்றனர். அறியாதார் மின்கலத்தைத் திறந்தால் தீப்பற்றும் என்கின்றனர். பூட்டு இல்லையேல் எழுத்தாளரின் உழைப்பைத் திருடுவர் என்கின்றனர். இவற்றில் உண்மை உண்டு. ஆனால் மோட்டார் வண்டியிலும் எரிபொருள் இருக்கின்றது. அதற்காக அதன் மூடியை ஒட்டிவிடவில்லை. பயிற்சி பெற்ற திருத்துநரிடம் உதிரிப்பாகத்தையும் விளக்கநூலையும் கொடுப்பதால் தீ வராது. திருடனுக்கென்று செய்த பூட்டு, விலை கொடுத்தவரைத் தம் வீட்டுக்கு வெளியே நிறுத்துமாயின் அது நீதியான பூட்டன்று.

இதனைச் சட்டத்தால் திருத்த இயலும் என்பதற்கு ஐரோப்பா சான்று. நிறுவனங்கள் வெவ்வேறு வகை மின்னேற்றிகளை விற்று வந்த வழக்கத்தை நிறுத்தி, 2024 டிசெம்பர் 28 முதல் அங்கு விற்கப்படும் கைத்தொலைபேசிகளுக்கு ஒரே வகை இணைப்பியைச் சட்டமாக்கினர். கருவிகளின் மின்கலத்தை வாங்கியவரே கழற்றி மாற்றத்தக்கதாக அமைக்கவேண்டுமென்று 2027 பெப்ரவரி 18 என நாளும் குறித்துள்ளனர். இயலாது என்றவர்கள் சட்டம் வந்ததும் செய்தனர்.

நம் மக்கள் கண்ட வழி

திருத்தும் கலையை நமக்குப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை. 1990இன் பின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போன ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். பற்றரிக்கும் தடை. அப்பொழுது நம் மக்கள் துவிச்சக்கர வண்டியை நிறுத்தி வைத்து, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவில் பிறந்த மின்னால் வானொலியைப் பேசவைத்தனர். உலகச் செய்தியை அறிந்தனர். அது எங்ஙனம் இயன்றது? அந்த வானொலிப் பெட்டியைத் திறக்கலாம். அதன் கம்பியை வேறோர் இடத்தில் இணைக்கலாம். அதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. இன்றைய ஒட்டிய பெட்டி ஒன்று அன்று நம்மிடம் இருந்திருக்குமாயின் அது வாய் திறந்திருக்குமா?

நூல்களைப் பற்றியும் நமக்கு ஒரு பட்டறிவு உண்டு. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகள் அத்தீயோடு மறைந்தன. ஓரிடத்தில் மட்டும் இருப்பது ஓரிரவில் அழியும் என்பதை நாம் கற்றோம். 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம், ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் படியெடுத்து, எவரும் இறக்கிப் படிக்கத் தருகின்றது. ஒரு பிரதி யாழ்ப்பாணத்திலும், இன்னொன்று தொரன்ரோவிலும், வேறொன்று ஒரு மாணவியின் கைத்தொலைபேசியிலும் இருக்கலாம். எண்ணிமத் தொழில்நுட்பத்தின் மெய்யான வரம் இதுவே. ஆதலின், நாம் கருவிக்குப் பகைவரல்லோம். அதே நூல்களை ஒரு நிறுவனத்தின் பூட்டுக்குள் வைத்துப் பார்க்கும் அனுமதியை மட்டும் வாங்கினால், மீண்டும் ஓரிடத்தில் வைத்தவர்கள் ஆகின்றோம். தீக்குப் பதிலாக ஒரு கடிதம் போதும், அனைத்தும் மறையும்.

வடிவமும் திறந்திருக்கவேண்டும். 1086இல் இங்கிலாந்து மன்னர் வில்லியம் எழுதுவித்த நிலக்கணக்கு ஏட்டை இன்றும் படிக்கலாம். அதன் 900ஆம் ஆண்டு நினைவாக 1986இல் பிபிசி நிறுவனம் லேசர் தட்டில் பதித்த மக்கட் கணக்கையோ, கருவிகள் வழக்கொழிந்தமையால், ஏறத்தாழ 15 ஆண்டுகளிலேயே படிக்க இயலாத நிலை நெருங்கியது. அறிஞர்கள் பெருமுயற்சி செய்து அதனை மீட்டனர். அவ்வளவு தூரம் செல்வானேன்? பாமினி எழுத்துருவில் நாம் தட்டெழுதிய பழைய கடிதத்தை, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்து பாருங்கள். தமிழ் இராது, பொருளற்ற ஆங்கில எழுத்துக்களே இருக்கும். யூனிகோடில் எழுதியது எக்கருவியிலும் தமிழாகவே நிற்கும்.

செய்ய வேண்டியவை

நாம் செய்யத்தக்கவை நான்கு. முதலாவது, கருவி வாங்குமுன் கடைக்காரரிடம் கேளுங்கள்: மின்கலம் மாற்றலாமா? உதிரிப்பாகம் ஊரில் கிடைக்குமா? எத்தனை ஆண்டு மென்பொருள் தருவீர்கள்? பத்துப் பேர் கேட்டால் பதினோராமவருக்குக் கடைக்காரர் கேளாமலே சொல்வார். இரண்டாவது, காணி உறுதியின் படி, குடும்பப் படம், சங்கக் கணக்கு ஆகியவற்றைப் பூட்டில்லாத வடிவில், குறைந்தது இரண்டு இடங்களில் வையுங்கள். மூன்றாவது, கல்விமான்களும் பொறியியலாளரும் ஊர்த் திருத்துநருக்குப் புதிய மின்னணுக் கருவிகளைக் கற்பிக்க முன்வரவேண்டும். அவர் தொழில் அழிந்தால் நம் உரிமை ஏட்டில் மட்டுமே இருக்கும். நான்காவது, சட்டம். நமது நாட்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் 2003இல் இயற்றப்பட்டது. ஐபோன் பிறந்ததோ 2007இல். திருத்தும் உரிமையையும், வாங்கியதை வைத்திருக்கும் உரிமையையும் வெளிப்படையாகச் சொல்லும் சட்டம் வேண்டுமென்று, வாக்குக் கேட்டு வருவோரிடம் நாம் கேட்கவேண்டும். சட்டத்தரணிகள் அதன் வாசகத்தை எழுதட்டும். உழவர் சங்கங்கள் அதனை முன்மொழியட்டும்.

பெரியோர்களே! உரிமை பறிபோவது எப்போதும் ஆரவாரத்தோடு நிகழ்வதில்லை. படிக்காமல் 'சம்மதம்' என்று விரலால் தொடுகின்ற ஒரு நொடியிலும் அது போகும். நம் பாட்டனார் விட்டுச் சென்ற மண்வெட்டி இன்றும் நம் வீட்டில் இருக்கின்றது. நாம் விலை கொடுத்து வாங்கிய நூலும் இசையும் கருவியும் நம் பேரப்பிள்ளைகளின் கைக்குச் செல்லவேண்டும். அதற்குரிய வழியை இன்றே தேடுவோம் என்று கேட்டு, எமது உரையை முடிக்கின்றோம்.