மதிலுக்காக வந்த பேய்



ஓர் ஊரே பேய் பிடித்ததாக நம்பியது. அப்படி நம்பவைத்ததால் யாருக்கு இலாபம்? 1971-இல் வெளிவந்த 'தி டெவில்ஸ்' எனும் ஆங்கிலத் திரைப்படம் கேட்ட கேள்வி இதுதான். சமயத்தை இழிவுபடுத்தும் படம், ஆபாசப் படம் என்று எழுந்த கூச்சலில் அந்தக் கேள்வி பலர் காதில் விழவேயில்லை.

கதை கற்பனையன்று. பிரான்சிலுள்ள லூடன் எனும் சிற்றூரில் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் கலந்து வாழ்ந்தனர். ஊரைச் சுற்றிக் கோட்டை மதில். அதை இடிக்க வேண்டுமென்பது முதலமைச்சர் கார்டினல் ரிஷல்யூவின் திட்டம். எதிர்த்தவர்களில் ஒருவர் உர்பேன் கிராண்டியே எனும் பாதிரியார். அவர் ஒன்றும் மகான் அல்லர். அழகர், நாவன்மை மிக்கவர், பெண்கள் விஷயத்தில் பெயரைக் கெடுத்துக்கொண்டவர்.

1632-இல் அவ்வூர்க் கன்னிமடத்தின் தலைவியும் வேறு சில கன்னியரும் உடலை முறுக்கி அலறத் தொடங்கினர். பேயை ஏவியவர் கிராண்டியே என்றனர். இத்தனைக்கும் அந்தத் தலைவி அவரோடு பழகியவரே அல்லர்! பேயோட்டும் சடங்கு ஊரார் முன்னிலையில் நடந்தது. வெளியூர்களிலிருந்தும் வேடிக்கை பார்க்கக் கூட்டம் திரண்டது.

பின்னர்ச் சில கன்னியர் மனம் வருந்தி, "அவர் குற்றமற்றவர்" என்று சொல்லிப் பார்த்தார்கள். அப்படிச் சொல்லவைப்பதும் பேய்தான் என்று தள்ளிவிட்டார்கள். உண்மை பேசினாலும் பேய், பொய் பேசினாலும் பேய் என்றால், குற்றம் சாட்டப்பட்டவன் எந்த வாசல் வழியே வெளியே வருவது? கால்களை நொறுக்கியும் கிராண்டியே குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. 1634 ஆகஸ்டு 18-ஆம் நாள் உயிரோடு எரிக்கப்பட்டார்.

இயக்குநர் கென் ரஸ்ஸல் கத்தோலிக்கராக மதம் மாறியவர் என்பதைக் கண்டித்தவர்கள் பலர் கவனிக்கவில்லை. பாதிரியாராக ஆலிவர் ரீட், மடத்தலைவியாக வனெஸா ரெட்கிரேவ் நடித்தனர். டெரெக் ஜார்மன் அமைத்த நகரம் பழங்கல்லால் ஆனதன்று. பளீரென்ற வெள்ளைச் சுவர்கள். பழைய கதை என்று நாம் ஒதுங்கிக்கொள்ள அந்தச் சுவர்கள் விடுவதில்லை.

படத்தில் மிகையே இல்லை என்று சொல்ல முடியாது. நிர்வாணமும் கூச்சலும் சில இடங்களில் அந்தப் பெண்களின் துயரத்தையே மறைத்துவிடுகின்றன. சீதனம் கொடுத்துக் கட்டிக்கொடுக்க வழியில்லாத குடும்பங்கள் மகள்களை மடத்தில் விட்ட காலம் அது. விருப்பமின்றி அடைபட்டவர்களின் புழுக்கத்தை அதிகாரம் ஆயுதமாக்கிக் கொண்டது. படத்தின் நெஞ்சைத் தொடும் பகுதியும் அதுவே.

தணிக்கையாளரும் தயாரிப்பு நிறுவனமும் பல காட்சிகளை வெட்டினர். தொலைந்ததாகக் கருதப்பட்ட முக்கியப் பகுதி 2002-இல் கிடைத்தது. ஆனாலும் 2012-இல் பிரிட்டனில் வந்த டிவிடியில் அது இடம்பெறவில்லை.

கிராண்டியே சாம்பலான பிறகும் லூடனில் பேயோட்டம் ஓயவில்லை, சில ஆண்டுகள் தொடர்ந்தது. மடத்தலைவி 1638-இல் கையில் தோன்றிய புனிதப் பெயர்களைக் காட்டியபடி பிரான்சை வலம் வந்தார். அவரை வரவேற்றவர்களில் ரிஷல்யூவும் ஒருவர்.