மூணாவதா செத்தவ யாரு?

ராமநாதபுரம் ஜில்லா அபிராமத்திலேருந்து வந்திருக்கேன். மிளகாய் விளையிற பக்கம் சார், பேச்சிலே காரம் கொஞ்சம் கூடினா பொறுத்துக்கணும். (கைதட்டல்)

"குற்றக் கதைகள் மக்களுக்கு விழிப்பு கொடுக்கின்றன" என்று எதிரணித் தம்பி முழங்கினார். போன மாசம் நானும் காதிலே மாட்டிக்கிட்டு ஒரு ஒலிப் புத்தகம் கேட்டேன். தொடர் கொலைகாரன் கதை. பத்து மணி நேரம்! வத்தல் காம்பு கிள்ளிக்கிட்டே கேட்டேன். மூட்டை தீர்ந்துச்சு, விழிப்பு வரலே. (சிரிப்பு)

அந்தக் கொலைகாரன் மூணு பாஷை பேசுறான், சதுரங்கம் ஆடுறான், வயலின் வாசிக்கிறான். படிக்கிறவர் அவனுக்கு மட்டும் அடிவயித்திலேருந்து கம்பீரமா குரல் கொடுக்கிறார். சாகிற அஞ்சு பொண்ணுங்களுக்கும் ஒரே கீச்சுக்குரல்! வானொலி நாடகம் கேட்டு வளர்ந்தவ சார் நான். அதிலே கதவு திறக்கிற வேலைக்காரனுக்குக்கூடத் தனிக் குரல் உண்டு.

நெசத்திலே நடந்ததைப் பாருங்க. திருவான்மியூர் ஆட்டோ சங்கர். ஆட்டோ ஓட்டினவன், சாராயம் கடத்தினவன். ஆறு கொலை. 1990-ல் சென்னை மத்திய சிறையிலிருந்து தப்பி, ரூர்கேலாவில் பிடிபட்டான். 1995 ஏப்ரலில் சேலம் சிறையில் தூக்கு. இதிலே எங்கே சார் வயலின்?

அவன் சுயசரிதையை நக்கீரன் வெளியிடலாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 1994 அக்டோபரில் தீர்ப்பு. கோர்ட்டுப் பதிவிலே உள்ளதை அவன் சம்மதம் இல்லாமலே போடலாம். அதைத் தாண்டி ஒருத்தர் அந்தரங்க வாழ்க்கைக்குள்ளே போனா சட்டப்படி பதில் சொல்லணும். அச்சேறுவதற்கு முன்னாலேயே தடுக்க அதிகாரிகளுக்கு உரிமை இல்லை. கூடவே இன்னொண்ணும் சொன்னாங்க: பாலியல் கொடுமை, கடத்தலுக்கு ஆளான பெண்ணின் பேரை வெளியிட்டு மேலும் அவமானப்படுத்தக் கூடாது.

பேரை மறைக்கிறது மரியாதை, ஒத்துக்கிறேன். ஆளையே மறைக்கலாமா? அந்த ஒலிப் புத்தகத்திலே மூணாவதா சாகிறவ துணிக்கடையிலே வேலை பார்த்தா. அவ்வளவுதான் சொல்றாங்க. அன்னிக்கு ராத்திரி அவளுக்குச் சோறு எடுத்து வச்சுட்டு வாசல்லே யாரு காத்திருந்தா? பத்து மணி நேரத்திலே அதுக்கு ஒரு நிமிஷம் கிடைக்கலையா? எதிரணித் தம்பி பதில் சொல்லட்டும், நடுவர் அவர்களே. நான் உட்கார்றேன். (பலத்த கைதட்டல்)