ஐந்தாவது விளக்கு

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்முனைக்கு வடக்கே மருதமுனையிலே கைத்தறியின் ஓசையைக் கேளாதார் நம்முள் யார்? நாடா இப்பக்கம் ஓடும்; அப்பக்கம் ஓடும்; மீண்டும் அதுவே. நம் முஸ்லிம் சகோதரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் இத்தொழிலிலே ஒரு சாத்திரம் அடங்கியிருக்கிறது. ஒரே செயலை எண்ணித் திரும்பத் திரும்பச் செய்தலே அது. கணினிக் கல்வியில் இதனை மீள்செய்கை என்பர். 1804இல் பிரான்சு தேசத்து ஜக்கார் துளையிட்ட அட்டைகளால் தறியை இயக்கினார். அவ்வித அட்டைகளையே பாபேஜ் தமது கணக்குப் பொறிக்கும் கொள்ளக் கருதினார். அப்பொறி ஒரே கணக்கு முறையைப் பன்முறை செய்யுமாற்றை 1843இல் அடா லவ்லேஸ் அம்மையார் எழுதி வெளியிட்டார்.

இதனை இன்று ஆர்டுயினோ என்னும் சிறு பலகையிலே நம் பிள்ளைகள் கற்கலாம். 2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரிலே மாணவர்க்கென்று தோன்றியது அது. அதன் செய்நிரலில் 'செட்டப்' என்ற பகுதி ஒருமுறை மாத்திரம் நடைபெறும். 'லூப்' என்ற பகுதி மின்சாரம் உள்ளவரை ஓயாது சுழலும். எண்ணி நிற்கும் மீள்செய்கைக்கு 'ஃபோர்' என்பது பெயர்.

நாம் சில பிள்ளைகளோடு இருந்து இதைப் பழகினோம். 2 முதல் 6 வரையுள்ள முனைகளில் ஐந்து எல்.ஈ.டி. விளக்குகள், ஒவ்வொன்றுக்கும் 220 ஓம் தடையி. ஒன்றன்பின் ஒன்றாக எரிய வேண்டும். நான்கு எரிந்தன, ஐந்தாவது எரியவில்லை. விளக்கை மாற்றினோம், கம்பியை மாற்றினோம், பலகையையும் பழித்தோம். செய்நிரல் எழுதிய தம்பியோ, "எனக்கு இது ஏறாது" என்று எழுந்து வாசல்வரை போய்விட்டான்.

அவனைக் கூப்பிட்டு இருத்தி, செய்நிரலை ஒவ்வோர் அடியாக வாசிக்கச் சொன்னோம். "எண் 2இல் தொடங்கு, 6இலும் குறைவாயிருக்கும்வரை செய், ஒவ்வொரு முறையும் ஒன்று கூட்டு" என்றிருந்தது. அவன் விரல்விட்டு எண்ணினான்: இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. அங்கே நின்றான், சிரித்தான். ஆறுக்கு முறையே வரவில்லை! "குறைவாக அல்லது சமமாக" என்று திருத்தியதும் ஐந்தாவது விளக்கும் எரிந்தது.

பொறி பிழை செய்யவில்லை. நாம் சொன்னதை அப்படியே செய்தது. குறை நம் எண்ணிக்கையில் இருந்தது. அதைக் கண்டுகொண்டதுதான் அன்றைய பாடம். அத்தம்பி வாசலோடு போயிருந்தால், அணைந்திருப்பது ஒரு விளக்கு மாத்திரமா?

பெரியோர்களே, பிள்ளை பிழைவிடும்போது கடியாதீர்கள். எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். இளைஞர்களே, முதல்முறை எரியாவிட்டால் எழுந்து போகாதீர்கள். தறியிலே இழை அறுந்தால் நெசவாளர் தறியை விட்டு ஓடுவதில்லை. முடிந்துவிட்டு மேலே நெய்கிறார். நாமும் அவ்வாறே செய்வோமாக.