பிறப்பும் பிழையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

சட்டமும் விஞ்ஞானமும் துறைபோகக் கற்றவர்கள் பேசவேண்டிய ஒரு பொருளைப் பல்கலைக்கழக மாணவனாகிய நான் எடுத்துக்கொண்டமைக்கு ஒரு காரணம் உண்டு. அதனை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

நான் மிஷன் பாடசாலையொன்றின் விடுதியில் இருந்து படித்தவன். ஒருநாள் அங்கே மாணவன் ஒருவனுடைய பணப்பை காணாமற் போயிற்று. விசாரணை தொடங்குமுன்னரே ஒரு பையன் அழைக்கப்பட்டான். அவனுடைய தகப்பனார் சிறை சென்றவர் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். "அது இரத்தத்தில் ஊறியது" என்றார் ஒருவர். நாங்கள் தலையாட்டினோம். மூன்றாம் நாள் அந்தப் பணப்பை, உடையவனது பெட்டியின் அடியிலேயே, மடித்த சால்வைக்குள்ளே கிடந்தது. ஆயினும் அந்தப் பையன் அடுத்த தவணைக்குப் பாடசாலைக்கு வரவில்லை. தலையாட்டியவர்களுள் நானும் ஒருவன்.

"இரத்தத்தில் ஊறியது" என்ற அதே சொல், இன்று ஆய்வுகூடத்தின் மொழியிலே நீதிமன்றங்களில் ஒலிக்கின்றது. ஒருவனது நடத்தை அவன் பெற்றோரிடமிருந்து பெற்ற பரம்பரையலகுகளினால் எவ்வளவு அமைகின்றது என்று ஆராயும் துறையை நடத்தைப் பிறப்புரிமையியல் என்பர். அத்துறையின் முடிவுகளைக் கொண்டு குற்றவாளியின் தண்டனையைக் கூட்டலாமா, குறைக்கலாமா? இதுவே என் வினா.

இவ்வெண்ணம் புதியதன்று. இத்தாலிய மருத்துவரான லொம்புரோசோ 1876 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே, பிறவிக் குற்றவாளிகளை அவர்களது மண்டையோட்டிலும் தாடையிலும் அடையாளங் காணலாம் என்றார். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்னரே, 1871 இல், இந்தியாவை ஆண்ட ஆங்கிலேயர் குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றிவிட்டனர். அது 1911 இல் சென்னை மாகாணத்துக்கும் விரிவாக்கப்பட்டது. இன்ன குலத்திற் பிறந்தான் என்பதே குற்றமாயிற்று. கைரேகை பதியவேண்டும், இரவிலே காவல் நிலையத்திற்குச் செல்லவேண்டும். இதனை எதிர்த்த பெருங்காமநல்லூர்க் கள்ளர் மக்கள் மீது 1920 ஏப்பிரில் மாதத்திற் பொலிசார் சுட்டனர், பலர் மாண்டனர். 1952 இலேயே இச்சட்டம் இந்தியா முழுவதிலும் ஒழிந்தது. அன்று எந்த ஆய்வும் நடக்கவில்லை. பிறப்பிலே குற்றம் உண்டு என்ற நம்பிக்கை ஒன்றே போதியதாயிருந்தது.

பின்னர் விஞ்ஞானம் வந்தது. 1965 இல் ஸ்கொத்லாந்தில் ஆபத்தானவர்களை அடைத்துவைக்கும் மருத்துவமனை ஒன்றில் 197 ஆண்களைச் சோதித்தபோது, 7 பேரிடம் வை நிறமூர்த்தம் ஒன்று மேலதிகமாக இருக்கக் கண்டனர். பிறக்கும் ஆண் குழந்தைகளில் ஏறக்குறைய ஆயிரத்துக்கு ஒன்றுக்கே இது உண்டு. உடனே "கொலைகார நிறமூர்த்தம்" என்ற ஆரவாரம் எழுந்தது. சிக்காகோவில் எட்டுத் தாதியரைக் கொன்ற ரிச்சட் ஸ்பெக் என்பவனிடமும் அஃது உண்டென்று பத்திரிகைகள் எழுதின. சோதித்துப் பார்த்தால் அவனிடம் அஃது இல்லை! 1976 இல் டென்மார்க்கில் நடந்த விரிவான ஆய்வு, இந்நிறமூர்த்தம் உடையோர் வன்செயலிற் கூடுதலாக ஈடுபட்டனர் என்பதற்குச் சான்றில்லை என்று காட்டிற்று. இதற்கிடையில் பொஸ்ரன் நகரிலே, பிறந்த குழந்தைகளைச் சோதித்துப் பெற்றோருக்கு அறிவிக்கும் திட்டம் ஒன்று நடந்தது. எதிர்ப்பு வலுத்ததால் அச்சோதனை 1975 இல் நிறுத்தப்பட்டது. "உன் மகன் ஆபத்தானவனாகலாம்" என்று கேட்ட தாய், அதன் பின்னர் அம்மகனுடைய சிறு குறும்பையும் எந்தக் கண்ணாற் பார்ப்பாள்? இங்குள்ள தாய்மார்கள் எண்ணிப் பார்க்கவேண்டும்.

1993 இல் ஒல்லாந்தில் புரூணர் என்னும் அறிஞர், ஒரு குடும்பத்து ஆண்கள் பலரிடம் கட்டுக்கடங்காத வன்மையைக் கண்டு ஆராய்ந்தார். மூளையிற் சில இரசாயனப் பொருள்களைச் சிதைக்கும் மொனோஅமீன் ஒட்சிடேசு ஏ என்ற நொதியம் அவர்களிடம் அறவே இல்லை. அதற்குரிய பரம்பரையலகு பழுதுற்றிருந்தது. அத்தகைய முழுப்பழுது மிக மிக அரிது. ஆனால் அதே பரம்பரையலகின் தொழிற்பாடு குறைந்த வகை ஒன்று உண்டு. ஐரோப்பிய வழிவந்த ஆண்களில் மூன்றிலொரு பங்கினர் அதனை உடையவர்.

நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73 இற் பிறந்தோரைத் தொடர்ந்து கவனித்துவந்த ஆய்வாளர்கள், 2002 இல் வெளியிட்ட முடிவு சிந்தனைக்குரியது. குறைந்த தொழிற்பாட்டு வகை உடையவனாய், சிறுவயதிற் கொடுமைக்கும் ஆளானவன் பிற்காலத்தில் வன்செயலில் இறங்குவது கூடுதலாக இருந்தது. இவ்விரண்டும் ஒருங்கே அமைந்தோர் 12 வீதத்தினரே. வன்குற்றத் தீர்ப்புகளில் 44 வீதம் அவர்களுடையவை. ஆனால் அதே பரம்பரையலகு உடையவனாய் அன்போடு வளர்க்கப்பட்டவனிடம் இந்த மிகுதி காணப்படவில்லை. பின்னர் நடந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே முடிவுக்கு வந்தன என்று சொல்லமுடியாது; எனினும் இதன் பாடம் பெரிது. தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை என்கிறோம். நூல் தானே சேலையாவதில்லை. தறியும் வேண்டும், நெய்பவன் கையும் வேண்டும்.

இனி நீதிமன்றுக்கு வருவோம். ஐக்கிய அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் 1991 இற் கொலை செய்த ஸ்டீவன் மோப்லி என்பவனுக்கு இச்சோதனை செய்யவேண்டுமென அவனுடைய சட்டத்தரணிகள் கேட்டனர். மன்று மறுத்தது, 2005 இல் அவனுக்கு மரண தண்டனை நிறைவேறிற்று. 2009 இல் டெனசி மாநிலத்தில் பிராட்லி வால்ட்ரூப் என்பவனுடைய வழக்கிலே யூரிமார் இச்சான்றைக் கேட்டனர். முதற்தரக் கொலைக்குற்றத்திலிருந்து அவன் தப்பி, 32 ஆண்டுச் சிறை பெற்றான். அதே ஆண்டில் இத்தாலியின் திரியெஸ்தே மேன்முறையீட்டு மன்று இன்னொருவனின் ஒன்பது ஆண்டுத் தண்டனையிற் பரம்பரையலகைக் காட்டி ஓராண்டு குறைத்தது.

இது கருணையன்றோ என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் இந்தக் கத்திக்கு இரு பக்கமும் கூர் உண்டு. "இவன் பிறவியே இப்படி; ஆகையால் மன்னியுங்கள்" என்று சட்டத்தரணி சொல்லலாம். "இவன் பிறவியே இப்படி, வெளியே விட்டால் மீண்டும் செய்வான், ஆகையாற் பூட்டிவையுங்கள்" என்று அதே சான்றைக் கொண்டு எதிர்த்தரப்பும் சொல்லலாம். 2012 இல் அமெரிக்க நீதிபதிகள் 181 பேரிடம் ஒரு கற்பனை வழக்கைக் கொடுத்து ஆராய்ந்தனர். உயிரியற் காரணம் கூறப்பட்டபோது அவர்கள் விதித்த சராசரித் தண்டனை 13.9 ஆண்டிலிருந்து 12.8 ஆண்டாகக் குறைந்தது. அவர்களுட் பலர் அதே காரணத்தைக் கொண்டு அவன் ஆபத்தானவன் என்றும் எண்ணினர். இன்று ஓராண்டைக் குறைக்கும் சான்று, நாளை ஒருவனை ஆயுள் முழுவதும் அடைத்துவைக்க உதவும்.

அன்றியும், பரம்பரைக் காரணத்தால் ஆட்களை முன்கூட்டியே பிரித்து வைக்கலாம் என்று வாதிப்போரிடம் ஒன்று கேட்கிறேன். எந்த நாட்டிலும் வன்குற்றம் புரிவோரிற் பெரும்பாலார் ஆண்கள். ஆண் என்பதும் ஒரு நிறமூர்த்தத்தின் விளைவே. அப்படியாயின் இம்மண்டபத்திலுள்ள ஆண்கள் அனைவரையும் முதலிற் சிறையிலிட வேண்டாமா? தாய்மார்கள் சிரிக்கிறார்கள், ஆனால் கணக்கு அப்படித்தான் சொல்லும். கூட்டத்தைப் பற்றிய சராசரி வேறு, உங்கள் முன் கூண்டில் நிற்கும் மனிதன் வேறு.

"எல்லாம் தலைவிதி" என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். எனினும் வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு நின்றுவிடவில்லை. ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். பிறப்பு ஒருவனுக்குச் சுமையைக் கொடுக்கலாம். அதனை அவன் சுமக்கும் விதத்தைப் பிறப்பு முழுவதும் தீர்மானிப்பதில்லை. அதனை மறந்தால், குற்றம் செய்தவனை மனிதனாக நடத்துவதையே மறந்துவிடுவோம்.

ஆகவே என் சிற்றறிவிற்கு எட்டிய முடிவுகள் இவை. செய்த செயலுக்கன்றி, பெற்ற பரம்பரையலகிற்காக எவரையும் கண்காணிக்கவோ மறிக்கவோ கூடாது. குற்றஞ்சாட்டப்பட்டவன் தானாக விரும்பினாலன்றி அவனைச் சோதித்தல் ஆகாது. அவன் விரும்பிக் கொண்டுவரும் சான்றை, அவன் வளர்ந்த வரலாற்றோடு சேர்த்தே, தண்டனையைத் தணிப்பதற்கு மட்டும் மன்று கேட்கலாம்; கூட்டுவதற்கு ஒருபோதும் கூடாது. எல்லாவற்றிற்கும் மேலாக, டனீடின் ஆய்வு காட்டும் வழியில் நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. பரம்பரையலகை நம்மால் மாற்ற முடியாது. அடிபடும் குழந்தையை அடியிலிருந்து காக்க முடியும். அதற்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை, அயல்வீட்டார் போதும்.

இளைஞர்களே, சிறைசென்றவனின் மகன் நம் சங்க வாசலுக்கு வந்தால் என்ன செய்வோம்? நூல்நிலையத்தின் திறப்பை அவனிடம் கொடுப்போமா? அன்று விடுதியில் நான் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. இன்று சொல்லிவிட்டேன்.