நிமிர்ந்த சுவரும் சாய்ந்த படமும்

கொட்டாஞ்சேனைப் புனித லூசியா பேராலயத்தின் முன்றிலில் நின்று, கமராவை அண்ணாந்து பிடித்துப் படமெடுத்த ஒருவர், பின்னர் அப்படத்தை நோக்குங்கால் திகைப்பதுண்டு. நேராக நின்ற தூண்கள் மேலே செல்லச் செல்ல ஒன்றையொன்று நெருங்குகின்றன. ஆலயமே பின்புறமாகச் சாய்வதுபோலத் தோன்றுகின்றது. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கிச் செல்லும் ஒடுங்கிய வீதிகளிலே தொடர்மாடிகளைப் படமெடுப்போர் காண்பதும் இதுவே. விலகி நிற்க அங்கே இடமில்லை; கமரா அண்ணாந்தே ஆகவேண்டும்.

இது கருவியின் பிழையன்று. சுவர் நிலைக்குத்தாக நிற்க, படம் பதியும் தளம் மட்டும் சரிந்துவிடுகின்றது. அதனால் சுவரின் அடி அண்மையிலும் முடி சேய்மையிலும் அமைகின்றன. அண்மையிலுள்ளது பெரிதாகவும் சேய்மையிலுள்ளது சிறிதாகவும் பதிகின்றது. கண்ணுக்கும் அவ்வாறே தோன்றினும், சுவர் நேரானது என்பதை மனம் அறிந்து திருத்திக்கொள்கின்றது. படத்துக்கு அத்தகைய மனம் இல்லை.

முற்காலக் கலைஞர் துருத்தி பொருத்திய பெரிய கமராவை மட்டமாக நிறுத்தி, வில்லையை மாத்திரம் உயர்த்தி இக்குறையைத் தவிர்த்தனர். இருட்டறையில், படத்தைப் பெருப்பிக்கும்போது தாளைச் சரித்து வைத்துத் திருத்தியோரும் உளர். 1990 இல் வெளிவந்த போட்டோஷொப், விலையின்றிக் கிடைக்கும் கிம்ப் முதலிய மென்பொருள்கள் அவ்வேலையையே கணிதத்தால் செய்கின்றன. படத்தின் மேல் மூலைகள் இரண்டையும் வெளிப்புறமாக இழுத்தால், நெருங்கிய கோடுகள் மீண்டும் இணையாகின்றன.

ஆயினும் இழப்பின்றி இத்திருத்தம் அமைவதில்லை. மேற்பகுதி விரிவதால் அதன் கூர்மை குன்றும், ஓரங்கள் வெட்டுப்படும், கட்டடம் குட்டையாகவும் தோன்றக்கூடும். ஆகையால் படமெடுக்கும்போதே கட்டடத்தைச் சுற்றி வேண்டிய இடம் விடுதல் நன்று. ஒரு வாயிலின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து வைத்துக்கொண்டால், திருத்திய படத்தின் விகிதத்தை அதனோடு ஒப்புநோக்கலாம்.

எந்தக் கோட்டை நேராக்குவது என்பதே இங்கு எழும் பெரிய வினா. கொச்சிக்கடையில், சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுப்பித்த பொன்னம்பலவாணேசுவரர் கோயிலை எடுத்துக்கொள்வோம். கோபுரம் என்பது இயல்பாகவே மேனோக்கி ஒடுங்குவது. சிற்பி கருதி அமைத்த ஒடுக்கம் அது. அதன் விளிம்புகளையும் கமரா செய்த கோணல் என்று எண்ணி ஒருவர் நிமிர்த்திவிட்டால், கோபுரம் பெட்டியாகிவிடும். சிற்பியின் கணக்கு அழிந்துவிடும். எனவே, உண்மையில் நிலைக்குத்தான வாயில் நிலையையோ தூணையோ அளவாகக் கொண்டே திருத்துதல் வேண்டும். அது நிமிர்ந்தால், கோபுரம் தன் இயற்கையான ஒடுக்கத்தோடு தானே விளங்கும்.

பழைய வீடுகள் மறைந்து தொடர்மாடிகள் எழும் கொழும்பில், நாளை ஒரு கட்டடத்துக்குப் படமே சாட்சியாக நிற்கக்கூடும். சாட்சியைத் திருத்துபவர் எது கமராவின் கோணல், எது கட்டடத்தின் வடிவம் என்று முதலில் அறிதல் கடன். திருத்திய படத்தோடு, திருத்தாத மூலப்படத்தையும் பேணி வைப்பாராயின், பின்வருவோர் இரண்டையும் ஒப்பிட்டு உண்மை காண்பர்.