முன்வண்டி, பின்வண்டி

அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கடலூர் பஸ் ஸ்டாண்டில் நின்று "சிதம்பரம், சிதம்பரம்" என்று கூவிக் கூவியே தொண்டை கரகரத்துப் போனது, பொறுத்துக்கொள்ளுங்கள். தனியார் பஸ், அரசு பஸ் போட்டியைப் பற்றி வானொலியில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அத்துபடியானது கடலூர்-சிதம்பரம் ரோடு ஒன்றுதான். அதையே சொல்கிறேன்.

பழைய கதை கொஞ்சம். எங்கள் பகுதி தென்னாற்காடு மாவட்டமாக இருந்த பழைய நாளில் முதலாளிமார் வண்டிகள்தான் கண்ணில் படும். 1972-இல் அரசுடைமை வேகமெடுத்து, கும்பகோணத்தில் சோழன் போக்குவரத்துக் கழகம் வந்தது. 1975-இல் விழுப்புரத்தில் தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம். 1997-இல் அந்தப் பெயர்களையெல்லாம் எடுத்துவிட்டுத் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்று ஆக்கினார்கள். ஆனாலும் தனியார் பர்மிட் முழுக்க ஒழியவில்லை.

டிக்கெட் விலையில் போட்டியா என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கு வழியே இல்லை. கட்டணம் அரசு வைப்பது. 2018 ஜனவரியில் புறநகர் சாதாரண பஸ்ஸில் கிலோமீட்டருக்கு 42 காசாக இருந்தது 60 காசானது. ஊரெல்லாம் எதிர்ப்பு கிளம்பியதும் 58-க்கு இறக்கினார்கள். தனியாருக்கும் அதே கணக்குதான்.

பிறகு எதில் சண்டை? நிமிஷத்தில்!

ஒவ்வொரு வண்டிக்கும் பர்மிட்டோடு நேரமும் கொடுத்திருப்பார்கள். முன்வண்டி கிளம்பி அஞ்சு நிமிஷம் கழித்துப் பின்வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்வண்டிக்காரன் கிளம்புகிற மாதிரி கிளம்பி, பஸ் ஸ்டாண்ட் வாசலிலேயே உருட்டிக்கொண்டிருப்பான். அப்படி உருட்டுகிற இரண்டு நிமிஷத்தில் ஏறுகிற பத்துப் பேரும் பின்வண்டியின் சொத்து! பின்வண்டி டிரைவர் ஹார்னை அமுக்குவார். கண்டக்டர் இறங்கி ஓடுவார். டைம் கீப்பர் முன்னால் பஞ்சாயத்து நடக்கும். கடலூர் முதுநகர் வரைக்கும் இந்த ஆமை நடை. சிப்காட் தாண்டியதும் அதே வண்டி பறக்கும். அந்த வண்டிகளில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இதைக் கேட்டால் கோபம் வரும், எனக்குத் தெரியும். ஆனால் தனியார் வண்டி ஆட்களின் வருமானத்தில் பெரும்பங்கு அன்றைய கலெக்ஷனில்தான் இருந்தது. எங்களுக்கும் கலெக்ஷன் பேட்டா உண்டு, ஆனால் அது ஊறுகாய். சோறு மாதச் சம்பளம்.

இதற்கு நடுவில் மயிலாடுதுறையிலிருந்து சென்னைக்குப் போகிற வண்டி சிதம்பரத்துக்குள் நுழைந்து, கடலூர் ஆட்களை அள்ளிக்கொண்டு போய்விடும். அதுவும் அரசு வண்டிதான். அந்த வண்டிக்காரரிடம் போய் யார் சண்டை போடுவது!

எங்களுக்கு முன்னால் ஒரு தனியார் வண்டி. அதில் ஒரு கண்டக்டர் தம்பி, பெயர் வேண்டாம். முதுநகரில் மீன் கூடையோடு ஏறும் ஒரு அம்மா, நான் நின்று கூப்பிட்டாலும் வரமாட்டார். "அந்தத் தம்பி வரட்டும்பா" என்பார். அவன் என்ன செய்தான் என்று ஒரு நாள் பார்த்தேன். இறங்கி ஓடி, கூடையின் ஒரு பக்கத்தைத் தானே பிடித்துத் தூக்கி, தண்ணீர் சொட்டாமல் இருக்க அடியில் சாக்கு போட்டுப் பின்படி ஓரமாக வைத்தான். லக்கேஜ் டிக்கெட்டும் கிழித்தான், விடவில்லை! புதுச்சத்திரம் வந்ததும் அவர் எழுந்திருக்கும் முன்பே கூடை இறங்கிவிட்டது. மறுநாளே எங்கள் வண்டியிலும் ஒரு சாக்கு வாங்கிப் போட்டேன். டிரைவர் அண்ணன் சிரித்தார்.

பகலில் தனியார் வண்டிக்காரன்தான் ராஜா. ராத்திரி கதை வேறு. கடைசி நடைக்கு ஆள் தேறாது என்று தெரிந்தால், டீசல் காசுகூட வராது என்று சில தனியார் வண்டிகள் நிறுத்திவிடும். பி.முட்லூரில் பரங்கிப்பேட்டைக்காரர் நாலு பேர் இருட்டில் நிற்பார்கள். நாலு பேருக்காக நாங்கள் ஓட்டியிருக்கிறோம். அந்த நடையின் நஷ்டத்தைப் பகல் கலெக்ஷனோடு சேர்த்துப் பார்க்காமல், அரசு பஸ் என்றாலே நஷ்டம் என்கிறார்கள். எனக்கு அதில்தான் வருத்தம்.

2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது, தனியார் டவுன் பஸ்ஸில் பெண்கள் கூட்டம் குறைந்தது, அகலப்பாதை ரயில் ஆட்களை இழுப்பது... இதையெல்லாம் பேச இன்னொரு நாள் வேண்டும். நிலையத்தார் கையைக் காட்டுகிறார்கள்.

ஒன்றே ஒன்று. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டிலும் கடலூரிலும் தனியார், அரசு என்று பிரிக்காமல், எல்லா வண்டியின் நேரத்தையும் ஒரே பலகையில், கடைசி நடை உட்பட, பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். எழுதிய நேரத்துக்கு வண்டி வராவிட்டால் யாரைக் கேட்பது என்று அதன் கீழேயே ஒரு போன் நம்பரும் இருக்கட்டும். சம்பந்தப்பட்டவர்கள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று நம்புகிறேன்.