கண்ணொளி காக்கும் கல்வி

(ஜமாஅத்தின் கல்வி உதவி வழங்கும் நிகழ்ச்சியில் நமது பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)



பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் பயிலும் நம் மஹல்லா மாணவி ஒருவர் கண் மருத்துவராக விரும்புகிறார். "இத்தனை ஆண்டுகள் படித்தால் நிக்காஹ் எப்போது, ஹஜ்ரத்?" என்று அவருடைய தகப்பனார் நம்மிடம் வினவினார். விடை கூறுமுன் நமது தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் முதிய தாயார் ஒருவர், பக்கவாட்டில் பார்வை மங்குகிறதென்று ஓதிப் பார்க்க வந்தார். தண்ணீரில் ஓதி ஊதிக் கொடுத்தோம், துஆச் செய்தோம். மருத்துவரிடம் செல்லுங்கள் என்று சொல்லத் தவறினோம். அந்நிய ஆடவரிடம் முகம் காட்டக் கூசிய அவருக்கு அதுவே போதுமானதாயிற்று. கண் நீர் அழுத்த நோய் என்பது பிந்தியே தெரிந்தது. கண்புரையாயின் அறுவை செய்து லென்ஸ் வைத்தால் பார்வை மீளும். இந்நோயிலோ பார்வை நரம்பு பட்டுப்போகிறது, இழந்தது திரும்பாது. எஞ்சியதைக் காக்கவே சிகிச்சை உதவும். அத்தாயார் இன்று குர்ஆனைத் தடவிப் பார்த்துவிட்டு மூடி வைக்கிறார்.

கண் மருத்துவம் நமக்குப் புதிதன்று. அரபியில் கண் மருத்துவரைக் 'கஹ்ஹால்' என்பர்; சுர்மாவைக் குறிக்கும் 'குஹ்ல்' என்னும் சொல்லிலிருந்து பிறந்தது அது. (கடைச் சுர்மாக்கள் சிலவற்றில் ஈயம் உள்ளது, பிள்ளைகளுக்கு இடாதீர்கள்.) ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பக்தாதின் அலீ இப்னு ஈஸா சுமார் 130 கண் நோய்களை நூலில் தொகுத்தார். மூஸல் நகரின் அம்மார் இப்னு அலீ, துளையுள்ள ஊசியால் புரையை உறிஞ்சி எடுக்கும் முறையை எழுதி வைத்தார்.

பாதை நீண்டதுதான். நீட் தேர்வு, பயிற்சியுடன் ஐந்தரை ஆண்டு எம்.பி.பி.எஸ்.; மற்றொரு நுழைவுத் தேர்வு; பின் கண் மருத்துவத்தில் மூன்றாண்டு எம்.எஸ். நம் மாநிலத்தில் பிற்பட்ட வகுப்பு முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. சாதிச் சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள். மருத்துவ இடம் கிட்டாவிடில் ஆப்டோமெட்ரி படிக்கலாம். ஆனால் அறுவை செய்ய அப்படிப்பு போதாது.

முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய டாக்டர் கோ. வெங்கடசாமி, அக்கைகளாலேயே அறுவை செய்யப் பழகி, 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அவருக்குக் கை தடையாகவில்லை; நம் பெண்மக்களுக்கு வயதைத் தடையென்கிறோம்!

நிர்வாகிகளிடமும் ஒரு குறை உண்டு. முதலாண்டுக் கட்டணத்தைக் கொடுத்துச் சால்வை போர்த்துகிறோம். இரண்டாம் ஆண்டில் அம்மாணவர் எங்கே என்று கேட்பதில்லை. எட்டரை ஆண்டுப் படிப்புக்கு ஓராண்டு உதவி எவ்விதம் போதும்? படிப்பு முடியும்வரை ஆண்டுதோறும் தொகை ஒதுக்கத் தீர்மானம் வேண்டுகிறோம்.

தகப்பனாருக்கு நமது விடை இது: நிக்காஹ் படிப்பின் இடையிலும் நடக்கலாம். மணமகன் வீட்டார் படிப்பைத் தொடர விடுவதாக ஒப்பும் நிபந்தனையை நிக்காஹ் பதிவேட்டில் நம் கையாலேயே எழுதித் தருகிறோம்.